ஏழாம் மாதத்துத் தாடி

ஆண்பிள்ளைகள் உடுப்பைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று யாராவது என்னைக் கேட்டால், சண்டை போடுகிற அளவுக்குத் தெரியும் என்பேன். ஒரு ஆண்பிள்ளையைத் தலைமுதல் கால்வரை உடுத்தி இண்டர்வியூவுக்கு அனுப்பியவள் நான். அதுவும் ஏழு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு.

யுத்த காலம் அது. திருவனந்தபுரத்தில் வலியசாலை அக்கிரகாரத்தில் இருந்தோம். நான் கல்லிடைக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். வீட்டில் நாங்கள் மூன்றே பேர்: அவர், அவருடைய அம்மா, நான். மாமனார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். மாமியார் தலை மழித்து நார்மடி உடுத்தியவர். அதிகம் பேசமாட்டார். அவர் பேசிவிட்டால் வீட்டில் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

என் வீட்டுக்காரர் பி.எஸ்ஸி. பாஸ் செய்துவிட்டு, ஒரு சர்க்கார் ஆபீசில் தற்காலிகக் குமாஸ்தாவாக இருந்தார். அந்த வேலை அவருக்கு வேப்பங்காய். ஆசையெல்லாம் பாலம் கட்டுவதில்தான். கரமனை ஆற்றைத் தாண்டிப் போகும்போதெல்லாம் பாலத்தின் நடுவில் நின்றுவிடுவார். நான் பின்னால் வருகிறேனே என்ற நினைப்பே இருக்காது. கைப்பிடிச் சுவரில் குனிந்து, தூண் தண்ணீருக்குள் இறங்குகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். "என்ன, மீனைப் பார்க்கறேளா?" என்று கேட்டால், "அஸ்திவாரத்தைப் பார்க்கறேன்" என்பார். தண்ணீருக்கு அடியில் இருப்பது மேலே நின்றால் எப்படித் தெரியும்? நான் அதைக் கேட்டதில்லை.

ஊரில் இஞ்சினீயரிங் காலேஜ் தொடங்கிக் கொஞ்ச வருஷம்தான் ஆகியிருந்தது. முந்தின வருஷம் மனுப் போட்டார், கூப்பிடவில்லை. இந்த வருஷம் கூப்பிட்டுவிட்டார்கள். இதை விட்டால் வயது தாண்டிவிடும், அப்புறம் ஆயுசு பூராவும் குமாஸ்தாதான். அழைப்புக் காகிதத்தை அவர் நாலு தரம் படித்தார். அதன் கடைசியில் ஒரு வரி இருந்தது: தகுந்த உடுப்பில் வர வேண்டும்.

அந்த ஒரு வரி எங்கள் தெருவையே ஆட்டிவைத்தது. தகுந்த உடுப்பு என்றால் எது? எதிர்வீட்டு வக்கீல் மாமா தன் வீட்டு வாசலிலிருந்தே கத்தினார்: "பஞ்சகச்சம், கழுத்து மூடின கோட்டு, தலைப்பாகை! முப்பது வருஷமா ஜட்ஜு முன்னாடி நான் நிக்கறது அப்படியாக்கும்!" அவர் பேச்சைக் கேட்டால் இவர் இஞ்சினீயரிங் படிக்கப் போகிறவர் மாதிரி இருக்கமாட்டார், பெண் வீட்டுக்குச் சம்பந்தம் பேசப் போகிறவர் மாதிரி இருப்பார். ஆபீசில் ஒருவர் நல்ல வெள்ளை வேட்டியும் ஜிப்பாவும் போதும் என்றாராம். அட கஷ்டமே! அப்போது கதர் மாதிரி எதையாவது மாட்டிக்கொண்டு சர்க்கார் அதிகாரி முன்னால் போய் நின்றால், இவன் கொடி பிடிக்கிற கூட்டம் என்று முத்திரை குத்திவிடுவார்கள். வேலையும் போகும், படிப்பும் போகும்.

கடைசியில் வழி காட்டியது வக்கீல் மாமாவின் பிள்ளைதான். அவன் இவருக்குப் பால்ய சிநேகிதன். சென்னைப் பட்டணத்தில் ஏதோ வெள்ளைக்காரக் கம்பெனியில் வேலை, லீவில் வந்திருந்தான். அப்பா பேச்சுக்கு நேர்மாறாகப் பேசுவதில் அவனுக்கு ஒரு தனி சந்தோஷம். "காலேஜுக்குப் பிரின்ஸிபாலாவே வெள்ளைக்காரனை வச்சிருக்கா. சூட்டு, டை. வேற பேச்சே இல்லை" என்று சொல்லி, தன் சாம்பல் நிறக் கோட்டையும் கால்சட்டையையும் ஒரு தகரப் பெட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டான். தோள் கொஞ்சம் அகலம், மற்றபடி பொருந்தியது. டையை அவனே முடிச்சுப் போட்டு, தளர்த்தி, தலை வழியாக மாட்டிக்கொள்கிற மாதிரி வைத்துவிட்டுப் போனான். மாட்டுக்குத் தும்பு மாட்டுகிற மாதிரிதான், இழுத்தால் இறுகும். தோல் பெல்ட்டை மட்டும் மாமியார் உள்ளே விடவில்லை. அது கொல்லைப்புறத்து ஆணியில் தொங்கியது.

இதெல்லாம் சரி. தாடி இருக்கிறதே, அதுதான் வினை.

சொல்லிவிடுகிறேன். மனைவி கர்ப்பமாக இருந்தால் புருஷன் க்ஷவரம் செய்துகொள்ளக் கூடாது. கத்தி படக் கூடாது. பட்டால் குழந்தைக்கு ஆகாது. கடல் ஸ்நானம், பிணம் தூக்குவது, இவையும் கூடாது. தீக்ஷை வைத்துக்கொள்வது என்று இதற்குப் பேர். எங்கள் பிறந்த வீட்டில் ஆறாம் மாதத்துக்குப் பிறகுதான் இதெல்லாம். இந்த வீட்டில் மாமியார் மூன்றாம் மாதமே சொல்லிவிட்டார். ஆகையால் என் வயிறு வளர வளர அவர் தாடியும் வளர்ந்தது. தெருவில் அவர் நடந்து போனாலே போதும், யார் வீட்டில் விசேஷம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். எனக்கு முதலில் அது வேடிக்கையாக இருந்தது. ராத்திரி சாப்பிடும்போது தாடியில் மோர் ஒட்டிக்கொள்ளும், நான் சிரிப்பேன்.

இண்டர்வியூவுக்கு முந்தின நாள் மத்தியானம், சிநேகிதன் முன்னால் அவர் முழு உடுப்பையும் போட்டுக் காண்பித்தார். சாம்பல் கோட்டு, டை, அதற்கு மேல் காது வரை ஏறின கறுப்புத் தாடி. சிநேகிதன் மேலும் கீழுமாக ஒரு தரம் பார்த்தான். அப்புறம் சொன்னான்: "டேய், ஒளிஞ்சு திரியறவன் எவனோ வேஷம் போட்டுண்டு வந்த மாதிரின்னா இருக்கு! இந்தக் கோலத்துல உள்ளே போனா, சீட்டுத் தரமாட்டா. போலீசைக் கூப்பிடுவா."

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அப்போது நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. கிளர்ச்சி செய்துவிட்டுத் தலைமறைவான பையன்கள் தாடி வளர்த்துக்கொண்டு சுற்றினார்கள். தாடி வைத்த வாலிபனைக் கண்டால் சந்தேகம்தான். அவருடைய ஆபீசிலேயே ஒரு தடவை மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார், இது என்ன வேஷம் என்று. கர்ப்ப தீக்ஷை என்றதும் சிரித்து விட்டுவிட்டார். ஆனால் இண்டர்வியூவில் யார் கேட்கப் போகிறார்கள்? பார்ப்பார்கள், மார்க்கைக் குறைப்பார்கள், அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள்.

சிநேகிதன் போன பிறகு அவர் மெதுவாக அம்மாவிடம் போய் நின்றார். "அம்மா, நாளைக்கு ஒரு நாள்தான்..." என்று ஆரம்பித்தார்.

மாமியார் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தை நிறுத்தவில்லை. "படிப்பு நோக்கு. குழந்தை அவளுக்கு. அவளைப் போய்க் கேளு" என்றார்.

கேளு என்றால் கேள் என்று அர்த்தமில்லை. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தாயாகப் போகிறவள் எவளாவது சரி என்று சொல்வாளா? அந்தத் தைரியத்தில்தான் மாமியார் அப்படிச் சொன்னார்.

மாமியாருக்குத் தலை மழிக்க மாதம் ஒரு முறை வருகிற நாவிதர், அன்று சாயங்காலம் வேறொரு வீட்டுக்கு வந்திருந்தார். அவர் மலையாளத்துக்காரர். இவர் கொல்லை வாசலில் நின்று ரகசியமாகக் கேட்டுப் பார்த்திருக்கிறார். அந்த மனுஷர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாராம். "அய்யோ சாமி, கர்ப்பிணி உள்ள வீடாணு. என் கத்தி அதுக்கு வராது. என்னை விட்டேரு சாமி" என்று கைகூப்பிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இவர் திரும்பி வந்து, "தாடியோடயே போறேன். கிடைச்சா கிடைக்கட்டும்" என்று சொல்லிப் படுத்துவிட்டார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தூங்கவில்லை என்பது முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மாமியார் மேலா, இவர் மேலா, அந்தத் தகுந்த உடுப்பு எழுதினவன் மேலா. என் வயிற்றைச் சாக்கு வைத்து ஆளுக்கு ஆள் ஒன்று சொல்கிறார்களே, இந்த வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று இவர்கள் யாருக்காவது தெரியுமா? ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தாடியோடு போய் சீட்டுக் கிடைக்காமல் வந்தால், இந்த மனுஷர் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லமாட்டார். ஆனால் குழந்தை பிறந்து, தவழ்ந்து, நடந்து, அது அப்பா என்று கூப்பிடும்போதெல்லாம் உள்ளுக்குள் ஒரு பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சைக் கேட்டுக்கொண்டு என் குழந்தை வளர வேண்டாம். வேண்டவே வேண்டாம்.

அதற்காக நான் பயப்படவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கும் அந்த நம்பிக்கை ஊறித்தான் கிடந்தது. பாலோடு குடித்த பயம் எங்கே போகும்?

காலையில் மாமியார் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனார். பிரதட்சணம் முடித்து, அபிஷேகம் பார்த்துவிட்டுத்தான் வருவார். மழை விட்டிருந்தது, வானம் மூடியே இருந்தது. நான் சிநேகிதன் கொடுத்த தகரப் பெட்டியைத் திறந்தேன். கோட்டுக்கு அடியில் அவனுடைய சேஃப்டி ரேசரும் சோப்பும் பிரஷும் இருந்தன. சொல்லாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறான், புத்திசாலி. எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய் அவரைக் கூப்பிட்டேன்.

என் கையில் இருந்ததைப் பார்த்து அவர் இரண்டடி பின்னால் போனார்.

"நோக்கு என்ன பைத்தியமா?"

"உட்காருங்கோ."

"வேண்டாம் டீ. அம்மா சொன்னதைக் கேட்டியோல்லியோ?"

"கேட்டேன். என்னைக் கேக்கச் சொன்னா. நான் சொல்லிட்டேன். உட்காருங்கோ."

"குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆகாது."

"அது நோக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆனா நீங்க இந்த மூஞ்சியோட போய்த் திரும்பி வந்தா என்ன ஆகும்னு தெரியும். அதை என்னால தாங்க முடியாது."

அவர் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். முதலில் கத்தரிக்கோலால் கற்றை கற்றையாக வெட்டினேன். நான்கு மாதத் தாடி, கையில் மெத்தென்று வந்தது. சோப்பு நுரை போட்டு, கன்னத்தில் ரேசரை வைத்தேன். இடது கையால் என் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் இழுத்தேன். முதல் இழுப்பிலேயே ரத்தம். அவர் முகத்தைச் சுளிக்கவில்லை. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து நுரையில் இறங்கியது. வலியில் வந்ததில்லை அது.

முடிந்து முகம் கழுவினால், அட ராமா! நெற்றியும் மூக்கும் வெயிலில் கறுத்துக் கிடக்கின்றன. தாடி இருந்த இடம் மட்டும் உரித்த நுங்கு மாதிரி வெளுத்திருக்கிறது. அதில் மூன்று இடத்தில் சிவப்புக் கோடு. படிகாரத்தைத் தேய்த்தேன். தலைமயிரை என்ன செய்வது? தேங்காயெண்ணெய் தடவிப் பின்னுக்கு வாரி ஒட்டவைத்தேன். வெட்டின மயிரை வாரி வாழையடியில் புதைத்தேன். பிறகு தேங்காய்ச் சிரட்டைக் கரி போட்டு இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, சட்டையை இன்னொரு தரம் தேய்த்துக் கொடுத்தேன்.

அவர் கோட்டும் டையுமாக வந்து நின்றபோது மாமியார் கோயிலிலிருந்து வந்துவிட்டார். கையில் பிரசாதம். வாசற்படியைத் தாண்டினவர் அப்படியே நின்றார். அவர் பார்வை பிள்ளையின் முகத்தில் விழுந்து, அங்கேயே இருந்தது. இவர் நமஸ்காரம் செய்தார். கால்சட்டை மாட்டிக்கொண்டு நமஸ்காரம் செய்து பழக்கமில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் எழுந்தார். வேறு நாளாக இருந்தால் மூன்று பேரும் சிரித்திருப்போம்.

மாமியார் விபூதி இட்டார். "போயிட்டு வா" என்றார். அவ்வளவுதான்.

சிநேகிதன் கொடுத்த பூட்ஸைக் காகிதத்தில் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அவர் போனார். கோயில் இருக்கிற தெருவில் தோல் செருப்பு, பூட்ஸ் எதுவும் போட்டு நடக்கமாட்டோம். தெருமுனைக்குப் போய்த்தான் மாட்டிக்கொள்வார். நான் ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். மேலே கோட்டு, கீழே வெறுங்கால். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளே வந்தேன். மாமியார் கேட்டார்: "யார் பண்ணினா?"

"நான்தான்."

"கை நடுங்கலையா நோக்கு?"

"நடுங்கித்து. அவர் மூஞ்சியைப் பார்த்தேளே."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் திருப்பிப் பேசத் தயாராகத்தான் நின்றேன். ஒரு கோட்டை நெல் அளவுக்கு வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அவரோ அடுக்களைக்குள் போய், ஒரு மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டு வேளைக்கு எனக்கு மட்டும் இலை போட்டார். அவர் சாப்பிடவில்லை. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

சாப்பிட்டு எழுந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. குழந்தை அசையவில்லை.

தினமும் காலையில் காப்பி குடித்ததும் ஒரு புரளல் புரளும். சாப்பிட்டதும் விலா எலும்பில் ஒரு உதை. கடிகாரம் தப்பினாலும் அது தப்பாது. அன்று காலையில் கிணற்றடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டேனே, அப்போது அசைந்ததா? நினைவில்லை. அதற்குப் பிறகு? இல்லை. நான் படுத்துப் பார்த்தேன். எழுந்து நடந்து பார்த்தேன். வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "டீ, டா, எதுவா இருந்தாலும் சரி, ஒரு தரம் அசைஞ்சு காட்டு" என்று கெஞ்சினேன். கல் மாதிரி கிடந்தது.

மாமியாரிடம் எப்படிச் சொல்வேன்? சொன்னால், நான் சொன்னேனே என்று ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்கு நான் செத்துப்போவதே மேல் என்றிருந்தது. மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. நடுமுற்றத்தில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. நான் கூடத்தில், அவர் அடுக்களையில். மத்தியானம் முழுவதும் அப்படியே போயிற்று. கிணற்றடியில் காட்டின தைரியமெல்லாம் எங்கே போயிற்றோ! பகவானே, சீட்டும் வேண்டாம், பாலமும் வேண்டாம், தாடியைத் திருப்பி ஒட்ட முடியுமானால் ஒட்டிவிடுகிறேன் என்று அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அப்படித்தான் அழுதேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவர் வந்தார். தொப்பலாக நனைந்து, கோட்டை மட்டும் சுருட்டிச் சட்டைக்குள் வைத்துக் காப்பாற்றிக்கொண்டு வந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம். நான் வாயைத் திறப்பதற்குள் மளமளவென்று கொட்டினார்.

உள்ளே மூன்று பேர் இருந்தார்களாம், ஒரு வெள்ளைக்காரர், ஒரு மலையாளத்து இஞ்சினீயர், இன்னொருவர். வெள்ளைக்காரர் முதலில் கேட்டாராம், முகத்தில் என்ன காயம் என்று. இவருக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. மனைவி சவரம் செய்தாள், அதுதான் அவளுக்கு முதல் தடவை என்று சொல்லியிருக்கிறார். மூன்று பேரும் சிரித்துவிட்டார்களாம். அந்தச் சிரிப்பில் இவருக்குப் பயம் போய்விட்டது. பாலத்தூணைத் தண்ணீருக்குள் எப்படி இறக்குவார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். இவர் காகிதம் வாங்கிப் படம் போட்டே காட்டியிருக்கிறார்.

"கிளம்பறச்சே அந்த மலையாளத்து இஞ்சினீயர் என் மூஞ்சியையே பார்த்தார். வெளுப்பைப் பார்த்துப் புரிஞ்சுண்டுட்டார் போல இருக்கு. 'தீக்ஷையாயிருந்நு, அல்லே? எத்ர மாசம்?'ன்னார். ஏழுன்னேன்." அவர் குரல் இறங்கியது. "'பின்னெ எந்தினாடோ எடுத்தது? தாடி நோக்கானாணோ ஞங்ஙள் இவிடெ இரிக்குந்நது?'ன்னுட்டார்."

தாடியைப் பார்க்கவா நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம், ஏன் எடுத்தாய் என்று கேட்டிருக்கிறார் அந்த மனுஷர். நல்ல மனுஷர்தான். அப்படியானால் எடுத்திருக்கவே வேண்டாம். ஒன்றுக்கும் இல்லாமல் எடுத்திருக்கிறேன். சீட்டுக் கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது, பத்து நாள் கழித்துக் காகிதம் வந்தது. அன்று அது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் எனக்கு அது காதில் விழுந்திருக்காது.

"கார்த்தாலேருந்து அசையலை" என்றேன்.

"எது?" என்றார். அப்புறம் புரிந்தது. சட்டைக்குள்ளிருந்து எடுத்த கோட்டு கையிலிருந்து கீழே விழுந்தது. "அம்மா!" என்று ஒரு கத்துக் கத்தினார். அப்படி அவர் கத்தி நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

மாமியார் அடுக்களையிலிருந்து ஓடி வந்தார். என் முகத்தையும் வயிற்றில் வைத்திருந்த கையையும் பார்த்தார். என்னை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தார். வெல்லம் கரைத்த தண்ணீரைக் கொண்டுவந்து வாயில் விட்டார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, புடவையை விலக்கி, வெறும் உள்ளங்கையை என் வயிற்றில் பதித்தார். நார்மடி உடுத்தி மடியாக இருக்கிறவர், மழையில் நனைந்து வந்த பிள்ளை காலடியில் நிற்கிறார், ஆசாரம் எதையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். கை அடுப்படிச் சூடாக இருந்தது. இங்கே அழுத்தினார், அங்கே அழுத்தினார், ஒரே இடத்தில் நிறுத்திக் காத்திருந்தார். அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. வெளியே ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம்தான்.

எவ்வளவு நேரமோ தெரியாது. பாதாளத்திலிருந்து வருகிற மாதிரி ஒரு சின்னப் புரளல் வந்தது. அப்புறம் ஒரு உதை. மாமியாரின் கையைத் தூக்கிவிட்ட உதை. உதைத்தவள் ஆவணியில் பிறந்தாள், சொந்த வாயும் சொந்த சண்டையுமாக இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறாள்.

என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கோ, உயிர் திரும்பியதும் கூடவே வாயும் திரும்பிவிட்டது. நாள் முழுக்க அடக்கின பயம் அத்தனையும் கோபமாக வந்தது.

"பார்த்தேளா அம்மா? ஒண்ணும் ஆகலை! கத்தி பட்டா ஆகாது, ஆகாதுன்னு எங்க ரெண்டு பேரையும் கொன்னேளே! தாடிக்கும் குழந்தைக்கும் என்ன சம்பந்தம்?"

மாமியார் கையை எடுக்கவில்லை.

"ஒரு சம்பந்தமும் இல்லை" என்றார். "நேக்குத் தெரியாதா? இவனுக்கு முன்னாடி மூணு பெத்தேன் நான். மூணும் தங்கலை. ஒண்ணுக்கும் அந்த மனுஷன் மூஞ்சியில கத்தி பட்டதில்லை."

எங்களுக்கு இது தெரியாது. இவருக்கே தெரியாது. அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"அப்போ எதுக்கும்மா..." என்று ஆரம்பித்தேன்.

"உன் மாமனார் என்கிட்ட ஆத்மார்த்தமா ஒரு வார்த்தை பேசினதில்லை டீ. சாதம் போடு, தண்ணி எடு, அவ்வளவுதான். மூணு குழந்தையைக் கொல்லைப்பக்கமா எடுத்துண்டு போனப்போகூட, திரும்பி வந்து என்கிட்ட ஒண்ணும் சொல்லலை. ஆனா தாடி வளர்த்தார். நாலு தடவையும் வளர்த்தார். கச்சேரியில வேலை பார்க்கறவா சிரிச்சா, ஊர்ல சிரிச்சா, எடுக்கலை. அது மூஞ்சியில இருக்கறதைப் பார்த்தாத்தான், என் வயித்துல ஒண்ணு இருக்குங்கறது அவருக்கும் ஞாபகம் இருக்குன்னு நேக்குத் தெரியும். வேற எதை வச்சுண்டு நான் தெரிஞ்சுக்கறது?"

சொல்லிவிட்டுப் புடவையை இழுத்து என் வயிற்றை மூடினார். காலையிலிருந்து சாப்பிடாத உடம்பு, எழுந்திருக்கும்போது தள்ளாடியது. இவர் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார். மாமியார் நின்று, பிள்ளையின் வெளுத்த தாடையை, நான் போட்ட மூன்று சிவப்புக் கீறலையும், விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.